திராட்சைக் கொடியின் வைரஸை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகலை ஆய்வுக்குத் திராட்சை வைரஸ் நோயை எடுத்துக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் நூல் நூலாக வைரஸ் தெரியும் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம் ஒன்று இருக்கும். அதை எடுப்பதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலையைப் புத்தகம் சொல்வதில்லை. எந்த இலையைப் பறிப்பது, எப்போது பறிப்பது, எந்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது, பணம் எங்கே வீணாகும் என்பதையெல்லாம் அலைந்து திரிந்துதான் நான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம்.

நீங்கள் திராட்சை விவசாயி என்றால், எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் தோட்டத்தில் நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எலைசா (வைரஸின் புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்து நிறமாகக் காட்டுவது) அல்லது பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்ப்பது) பரிசோதனை போதும். தேனி மாவட்டத்தில் இருப்பவர்கள் ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்திலும், மகாராஷ்டிரத்தில் இருப்பவர்கள் புனே அருகே மஞ்சரியில் உள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையத்திலும் முதலில் கேட்டுப் பாருங்கள்.

1. எந்த வைரஸ் என்று முதலில் தீர்மானியுங்கள்

"திராட்சை வைரஸ்" என்று பொதுவாகத் தொடங்கினால் எந்த லேபிலும் உங்களுக்கு உதவ முடியாது. எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இலையின் வயது, பாகம், சாயம் எல்லாம் மாறும். தொடங்குபவர்கள் மூன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

இலைச்சுருள் நோய்: இந்தியாவில் நாசிக், புனே பகுதித் தோட்டங்களில் ஜி.எல்.ஆர்.ஏ.வி-1, ஜி.எல்.ஆர்.ஏ.வி-3 என்ற இரண்டு வைரஸ்களும் உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. வளைந்து நெளியும் நூல் வடிவம். 3-ஆம் எண் வைரஸின் நீளம் ஏறத்தாழ 1,800 நானோமீட்டர், தடிமன் 12 நானோமீட்டர். மாவுப்பூச்சி பரப்பும். ஃபுளோயம் திசுவைத் (சர்க்கரையைக் கடத்தும் குழாய்த் திசு) தாண்டி வெளியே வராது. பின்னால் சொல்லப்போகும் சிரமங்கள் பாதிக்குமேல் இந்தக் குணத்தால் வருபவை.

விசிறி இலை நோய்: வைரஸின் பெயர் ஜி.எஃப்.எல்.வி. உருண்டை வடிவம், சுமார் 30 நானோமீட்டர். ஜிஃபினிமா இன்டெக்ஸ் என்ற நூற்புழு மண் வழியாகப் பரப்பும். இலைச்சாறு தேய்த்துக் கீனோபோடியம் செடிக்கு மாற்ற முடியும் என்பது பெரிய வசதி. மேலே சொன்ன இரண்டு இலைச்சுருள் வைரஸ்களுக்கும் அந்த வழி கிடையாது.

திராட்சை வைரஸ் ஏ: இதுவும் நூல்தான், ஆனால் நீளம் 800 நானோமீட்டர் அளவு. இலைச்சுருளோடு ஒரே கொடியில் சேர்ந்தே இருக்கும் பழக்கம் இதற்கு உண்டு.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் இலைச்சுருளையே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்களில் கேள்வி அதிகம் வருவது அதைப் பற்றித்தான்.

2. எலைசாவும் பி.சி.ஆரும் முதலில்

மைக்ரோஸ்கோப்பை முதல் பரிசோதனையாக வைத்துக்கொள்ள வேண்டாம். திராட்சைக் கொடியில் வைரஸ் அளவு குறைவு, அதுவும் கொடி முழுக்க ஒரே சீராக இருக்காது. சந்தேகப்பட்ட கொடிகளை எல்லாம் நேராக எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குக் கொண்டுபோனால் வெறும் கிரிட்டைப் (மாதிரியைத் தாங்கும் சிறு உலோக வலைத்தட்டு) பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும், அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். எலைசாவில் வலுவாக நிறம் வந்த கொடிகளில் இரண்டு மூன்றைப் பொறுக்கி எடுத்து, ஆர்.டி-பி.சி.ஆரில் (ஆர்.என்.ஏ. வைரஸுக்கான பி.சி.ஆர்.) உறுதி செய்து, அவற்றை மட்டும் மைக்ரோஸ்கோப்புக்குக் கொண்டுபோங்கள்.

எலைசா கிட் இறக்குமதிச் சரக்கு. ஒரு வைரஸுக்கான கிட்டே பத்தாயிரங்களில் போகும், வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். உங்கள் துறையிலோ பக்கத்துக் கல்லூரியிலோ வேறு யாராவது திராட்சையில் வேலை செய்தால் பங்கு போட்டு வாங்குங்கள். உறையில் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டு வாங்குங்கள்.

3. காகித வேலை: தோட்டத்துக்குப் போகும் முன்பே

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மாதிரி ஐஸ் பெட்டியில் கிடந்து கெட்டுப்போகும், நீங்கள் கையெழுத்துக்காக வராந்தாவில் நிற்பீர்கள். முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை:

- தோட்ட உரிமையாளரின் சம்மதக் கடிதம். தமிழில் நாலு வரி போதும். சர்வே எண், ரகம், கொடியின் வயது, ஒட்டுக்கு அடியில் உள்ள வேர்ச்செடி எது (டாக்ரிட்ஜ் ரகமா, சொந்த வேரா), கடைசிக் கவாத்துத் தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். முடிவைத் தோட்டத்தின் பெயர் போட்டு வெளியிட மாட்டோம் என்ற வரியையும் சேருங்கள். "வைரஸ் தோட்டம்" என்று பெயர் வந்துவிட்டால் அவரிடம் குச்சி வாங்க ஆள் வராது. அந்தப் பயம் நியாயமானது.
- உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம், துறைத்தலைவர் கையெழுத்துடன்.
- மைக்ரோஸ்கோப் வசதி உள்ள இடத்தின் விண்ணப்பப் படிவம். மாதிரியின் வகை, என்ன பார்க்க வேண்டும், எத்தனை படம், ஆபத்தான ரசாயனம் உண்டா என்று கேட்டிருப்பார்கள். "என்ன பார்க்க வேண்டும்" என்ற கட்டத்தில் "வைரஸ்" என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "ஃபுளோயம் செல்களில் 12 நானோமீட்டர் தடிமனுள்ள நூல் வடிவத் துகள்கள், பாதிக்கப்பட்டது 2, ஆரோக்கியமானது 1" என்று எழுதுங்கள்.
- கட்டண ரசீது, அடையாள அட்டை நகல்.

எங்கே விண்ணப்பிப்பது? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நானோ அறிவியல் துறை, டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தாவர வைரஸ் மையம், டெல்லி எய்ம்ஸில் உள்ள சைஃப் என்ற பொதுக் கருவி வசதி ஆகிய இடங்களில் டி.இ.எம். எனப்படும் ஊடுருவு எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் உண்டு. வேறெங்கே இருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று ஐ-ஸ்டெம் என்ற அரசு இணையதளத்தில் தேடலாம், பதிவும் செய்யலாம். ஒரு விஷயத்தை ஃபோனில் தெளிவாகக் கேளுங்கள்: "உயிரியல் மாதிரி எடுப்பீர்களா, செக்‌ஷன் வெட்டித் தருவீர்களா?" உலோகத்தூளும் நானோ துகளும் பார்க்கும் பல இடங்களில் அல்ட்ராமைக்ரோடோம் (செக்‌ஷன் எனப்படும் மிக மெல்லிய சீவலை வெட்டும் கருவி) இருக்காது. ஒரு வசதியில் பணம் கட்டிய பிறகுதான் இதை என்னிடம் சொன்னார்கள்.

வெளிநாட்டிலிருந்து நோயுள்ள குச்சியை ஒப்பீட்டுக்காக வரவழைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதி, வந்த பிறகு தனிமைக் காலம் எல்லாம் உண்டு. ஒரு முதுகலை ஆய்வுக் காலம் அதற்கே போய்விடும். கிட் நிறுவனங்கள் விற்கும் உலர்த்திய பாசிட்டிவ் மாதிரி எலைசாவுக்குப் போதும்.

4. மாதிரி எடுப்பது: எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது

கட்டுரையில் எதைத் தாண்டிப் போனாலும் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

எந்த இலை: இலைச்சுருளுக்குக் கொடியின் அடிப்பகுதியில் உள்ள முற்றிய இலை. கொழுந்து பார்க்க அழகாக, அறுக்க மென்மையாக இருக்கும். ஆனால் அதில் வைரஸ் அளவு மிகக் குறைவு. விசிறி இலை நோய்க்கு இதற்கு நேர்மாறு: கவாத்துக்குப் பின் துளிர்க்கும் இளம் இலைதான் நல்லது.

எந்தப் பாகம்: இலைப்பரப்பை வெட்டிப் போட்டுவிடுங்கள். வேண்டியது காம்பும் நடு நரம்பும்தான், ஃபுளோயம் அங்கேதான் அடர்த்தியாக இருக்கிறது. முற்றிய குச்சியின் வெளிப்பட்டையைச் சீவிவிட்டு, அடியில் பச்சையாக ஈரமாகத் தெரியும் படலத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தால் அது இன்னும் சிறந்த மாதிரி.

எந்தக் காலம்: மகாராஷ்டிரத்தில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபர் வாக்கில் காய்ப்புக் கவாத்து, பிப்ரவரி-மார்ச்சில் அறுவடை. அங்கே ஜனவரிக்கு மேல் இலை எடுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்கு ஓய்வுக்காலமே கிடையாது, ஆண்டு முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். அதனால் அங்கே மாதத்தைப் பார்க்காமல் கவாத்துத் தேதியைப் பாருங்கள். அறுவடைக்கு முந்தைய சில வாரங்கள்தான் உங்கள் காலம். இன்னொரு வழி, கவாத்து நாளன்று போவது. வெட்டிய குச்சி வரப்பில் குவிந்து கிடக்கும், விவசாயிக்கும் நஷ்டமில்லை. வெட்டும்போதே கொடி எண்ணைக் கட்டிவிடுங்கள், குவியலில் கலந்தபின் எது எந்தக் கொடியென்று யாராலும் சொல்ல முடியாது.

அறிகுறியை நம்பி ஏமாறாதீர்கள். பன்னீர் திராட்சை போன்ற கறுப்பு ரகங்களில் இலைச்சுருள் வந்தால் நரம்பு பச்சையாக இருக்க, நடுப்பகுதி சிவந்து, ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். தாம்சன் போன்ற வெள்ளை ரகங்களில் லேசான மஞ்சளோடு நின்றுவிடும். பொட்டாஷ், மெக்னீசியம் பற்றாக்குறையும், தண்டில் கட்டுக்கம்பி இறுகிக் காயம் பட்டதும் ஏறக்குறைய இதே நிறத்தைக் காட்டும். பக்கத்து வயலில் 2,4-டி களைக்கொல்லி அடித்து அது காற்றில் வந்திருந்தால் இலை விசிறி மாதிரி ஆகும். "பக்கத்தில் என்ன பயிர், என்ன மருந்து அடித்தார்கள்?" என்று விவசாயியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே கொடியில் நான்கு பக்கமும் பந்தலிலிருந்து இலை எடுங்கள். ஒரு கிளையில் இருப்பது இன்னொரு கிளையில் இல்லாமல் போகலாம்.

எடுத்துவருவது: ஜிப் கவரில் லேசாக நனைத்துப் பிழிந்த டிஷ்யூ தாள் வைத்து, காற்றை அமுக்கி மூடி, ஐஸ் பேக் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். இலை ஐஸைத் தொடக் கூடாது, நடுவில் செய்தித்தாள் போடுங்கள். எலைசாவுக்கும் பி.சி.ஆருக்கும் பிறகு உறைய வைக்கலாம். செக்‌ஷன் வெட்டப்போகும் துண்டை ஒருபோதும் உறைய வைக்காதீர்கள், செல் எல்லாம் உடைந்துவிடும். பென்சிலால் எழுதிய சீட்டைக் கவர் மேல் ஒன்று ஒட்டி, உள்ளேயும் ஒன்று போடுங்கள். மார்க்கர் எழுத்து ஈரத்தில் அழியும்.

5. ஆரோக்கியமான ஒப்பீட்டுச் செடி

இதை ஆய்வின் முதல் மாதமே தொடங்குங்கள். "பார்க்க நன்றாக இருக்கிறது" என்பதால் ஒரு கொடி ஆரோக்கியமானது ஆகிவிடாது. பன்னீர் திராட்சை விதையுள்ள ரகம் என்பது நமக்கு நல்ல வசதி. இலைச்சுருள் வைரஸ்கள் விதை வழியாகப் பரவுவதாகத் தெரியவில்லை. எனவே விதையிலிருந்து வளர்த்த கன்று நல்ல ஒப்பீடு. விதையை ஈர மணலில் கலந்து ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் வைத்த பிறகே சீராக முளைக்கும். மாவுப்பூச்சி புகாத வலைக்குள் வளர்த்து, எலைசாவில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

6. சாதாரண மைக்ரோஸ்கோப்பில் என்ன தெரியும்

வைரஸ் தெரியாது. ஒளி மைக்ரோஸ்கோப்பின் எல்லை சுமார் 200 நானோமீட்டர். நம் நூலின் தடிமன் 12. ஆனால் வைரஸ் செல்லுக்குச் செய்த சேதம் தெரியும், செலவும் குறைவு. அனிலின் ப்ளூ சாயம் போட்டு ஃபுளோரசென்ஸில் பார்த்தால் ஃபுளோயத்தில் கேலோஸ் என்ற அடைப்புப் பொருள் படிந்திருப்பது ஒளிரும். விடியற்காலையில் பறித்த இலையைச் சுடு ஆல்கஹாலில் பச்சை நீக்கி அயோடின் விட்டால், இலைச்சுருள் வந்த இலை கறுத்துக் காட்டும். சர்க்கரை வெளியேற முடியாமல் மாவுச்சத்தாகத் தேங்கியிருக்கும். இரண்டுமே தண்டுக் காயத்தாலும் வரக்கூடியவை என்பதால் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விசிறி இலை நோயில் ஒரு தனி அடையாளம் உண்டு. முற்றிய குச்சியின் அடிக்கணுவிடையை நீளவாக்கில் பிளேடால் மெல்லச் சீவிப் பார்த்தால், செல்லின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குக் குறுக்காக ஓடும் கம்பி போன்ற இழைகள் தெரியும். டிராபெகுலே என்பார்கள். கிடைத்தால் உடனே படம் எடுங்கள், ஆய்வேட்டில் நல்ல இடம் பிடிக்கும்.

7. கிரிட் தயாரிப்பு

முதலில் சாறு முறை. செக்‌ஷனுக்குப் பணம் கட்டும் முன் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள், ஒரே காலையில் முடிந்துவிடும்.

பாரா ஃபிலிம் மேல் 0.1 மோலார், பி.எச். 7 பாஸ்பேட் பஃபர் ஒரு சொட்டு. அதில் 2 சதவீதம் பி.வி.பி. கலந்திருக்க வேண்டும். திராட்சையில் டானின் அதிகம், பி.வி.பி. இல்லாவிட்டால் சாறு பழுப்பாகி, கிரிட் முழுக்கக் கசடு படியும். நடு நரம்பின் சிறு துண்டைப் புதுப் பிளேடால் அந்தச் சொட்டுக்குள்ளேயே பொடிப்பொடியாக நறுக்குங்கள். ஃபார்ம்வார்-கார்பன் பூசிய தாமிரக் கிரிட்டின் பூசிய பக்கத்தைச் சொட்டின் மேல் கவிழ்த்து ஐந்து முதல் பதினைந்து நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு சாமணத்தால் விளிம்பைப் பிடித்து, காய்ச்சி வடித்த நீரை இருபது முப்பது சொட்டு மேலே விட்டுக் கழுவி, 2 சதவீத யுரானைல் அசிடேட் சில சொட்டு விட்டு, வடிதாளின் ஓரத்தால் ஈரத்தை உறிஞ்சி எடுங்கள்.

பலர் வழுக்கி விழும் இடம் அந்தக் கழுவல்தான். பாஸ்பேட் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் யுரானைலோடு சேர்ந்து படிகமாகிவிடும். கருவியில் கருப்பு ஊசியாகத் தெரியும், வைரஸ் என்று எண்ணி மனம் துள்ளும். நேரான, கூர் முனையுள்ள, எலெக்ட்ரானே புகாத கறுப்பு எதுவும் நம் வைரஸ் இல்லை.

யுரானைல் அசிடேட் யுரேனியச் சேர்மம். தனியாக வாங்க முயல வேண்டாம், வசதி உள்ள லேபில் இருப்பதை அவர்கள் மேற்பார்வையில் பயன்படுத்துங்கள். கையுறை கட்டாயம், கழிவு தனி ஜாடியில். பாஸ்போடங்ஸ்டிக் அமிலத்தை மாற்றாகச் சொல்வார்கள். உருண்டை வைரஸுக்குச் சரி, நீள நூல்கள் அதில் சிதைய வாய்ப்பிருக்கிறது.

சாறு முறையில் ஒன்றும் தெரியாவிட்டால் ஆன்டிசீரம் (வைரஸைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி உள்ள திரவம்) பூசிய கிரிட்டை முயலுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த ஆன்டிசீரத்தில் கிரிட்டை அரை மணி நேரம் வைத்துக் கழுவி, சாற்றின் மேல் இரவு முழுக்க 4 டிகிரி செல்சியஸில் மிதக்க விட்டால் கண்ணில் படும் துகள்கள் பல மடங்கு கூடும். அதன் மேல் ஐம்பதில் ஒரு பங்கு ஆன்டிசீரத்தில் பதினைந்து நிமிடம் வைத்தால், நம் வைரஸ் நூலைச் சுற்றி மட்டும் கறுப்பாக உறை படியும். எந்த வைரஸ் என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

8. செக்‌ஷன்: தேவைப்பட்டால் மட்டும்

வைரஸ் செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்பது உங்கள் கேள்வியாக இருந்தால்தான் இது. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் மெழுகுத் தகட்டில் 2.5 சதவீதக் குளுட்டரால்டிஹைடு (செல்லை அப்படியே நிலைப்படுத்தும் மருந்து) ஒரு சொட்டு விட்டு, காம்பை அதற்குள் வைத்து 1 மில்லிமீட்டர் துண்டாக வெட்டுங்கள். காம்புத் துண்டு காற்றை அடைத்துக்கொண்டு மிதக்கும். மிதக்கும் துண்டுக்குள் மருந்து இறங்காது. ஊசியில்லாத சிரிஞ்சில் துண்டையும் திரவத்தையும் எடுத்து, முனையை விரலால் அடைத்து, பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். விட்டு விட்டு இழுத்தால் துண்டு அடியில் போய் உட்காரும். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

அதன் பிறகு ஆஸ்மியம் டெட்ராக்சைடு, ஆல்கஹால் படிகள், ரெசின், 60 டிகிரி அவனில் இரண்டு நாள், வெட்டு, சாயம் எல்லாம் லேபின் வேலை. ஆஸ்மியம் ஆவி கண்ணைக் கெடுக்கும், நீங்களாகத் திறக்காதீர்கள். குளுட்டரால்டிஹைடு குப்பியைக் கூரியரிலோ விமானத்திலோ அனுப்பப் பார்க்க வேண்டாம். குளுட்டரால்டிஹைடில் நிலைப்படுத்துவதை முடித்து, துண்டுகளை வெறும் பஃபருக்கு மாற்றி, ஐஸ் பெட்டியில் நீங்களே கொண்டுபோங்கள்.

9. கருவி முன் உட்காரும்போது

முதலில் குறைந்த பெருக்கத்தில் சாயம் நடுத்தரமாகப் படிந்த சதுரத்தைத் தேடுங்கள். அப்புறம் 20,000 முதல் 30,000 மடங்குக்குப் போய் நூலைத் தேடுங்கள். ஆரோக்கியமான கன்றின் கிரிட்டை முதலில் பார்த்துவிடுவது நல்லது, எது சாதாரணமாகவே இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். செக்‌ஷனில் ஃபுளோயம் செல்லின் பி-புரத இழைகள் வைரஸ் நூல் போலவே தெரியும். ரைபோசோம்கள் உருண்டை வைரஸ் போலத் தெரியும். இலைச்சுருள் 1, 3 வைரஸ்களில் மைட்டோகாண்ட்ரியாவின் ஓரம் குமிழ் குமிழாக மாறியிருக்கும். நூலோடு இதையும் சேர்த்துக் கண்டால் தைரியமாக எழுதலாம்.

நீள நூல் தயாரிப்பின்போது உடையும். 800 நானோமீட்டரில் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு அது திராட்சை வைரஸ் ஏ என்று எழுதிவிடாதீர்கள். நிறையத் துகள்களை அளந்து, பி.சி.ஆர். முடிவோடு சேர்த்துப் பாருங்கள். அளவுக்கோடு பதிந்த படத்தோடு அசல் டிஃப் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பென் டிரைவ் பல இடங்களில் அனுமதி இல்லை, எப்படித் தருவார்கள் என்று முன்பே கேளுங்கள்.

10. செலவும் காலமும்

கட்டணம் பெரும்பாலும் மூன்று அடுக்கு: அதே நிறுவன மாணவர், பிற கல்லூரி மாணவர், தனியார். ஜி.எஸ்.டி. தனி. கேட்க வேண்டியவை: கட்டணம் மணிக்கா மாதிரிக்கா? தயாரிப்புக் கட்டணம் தனியா? கிரிட் யாருடையது? ஒரு மாதிரிக்கு எத்தனை படம்? ஒன்றும் தெரியாவிட்டாலும் முழுக்கட்டணமா? கடைசிக் கேள்விக்குப் பதில் "ஆமாம்" என்றுதான் வரும், அதனால்தான் எலைசாவை முதலில் வைத்தேன்.

கல்லூரியிலிருந்து பணம் விடுவிக்க எடுக்கும் காலத்தையும் கணக்கில் சேருங்கள். விலைப்பட்டியல் கடிதம் வாங்கி, ஒப்புதல் பெற்று, பணம் போய்ச் சேர்வதற்குள் இலைக்காலம் முடிந்துவிடக்கூடும். கவாத்து நடந்த வாரமே விலைப்பட்டியல் கேட்டு எழுதிவிடுங்கள். சாறு முறைக்கு ஒரு நாள் போதும். செக்‌ஷனுக்கு, துண்டு கொடுத்ததிலிருந்து இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். கருவிக்கான வரிசை அதற்கு மேல்.

11. முடிவை எழுதும் விதம்

வைரஸ் தெரியாத கிரிட்டுக்கு "வைரஸ் இல்லை" என்று எழுதாதீர்கள். "பார்த்த கிரிட்டுகளில் துகள் தென்படவில்லை" என்று எழுதி, எந்தப் பாகம், கவாத்துக்குப் பின் எத்தனை நாள், எத்தனை கிரிட் என்பதையும் சேருங்கள். விவசாயிக்குக் கொடுக்கும் தாளில் இது இன்னும் முக்கியம். "இல்லை" என்ற ஒரு சொல்லை நம்பி அந்தக் கொடியிலிருந்தே குச்சி வெட்டிப் புதுத் தோட்டம் போட்டுவிடுவார். அந்தக் கொடியிலிருந்து குச்சி எடுக்க வேண்டாம், அடுத்த பருவத்தில் இன்னொருமுறை எலைசா பார்ப்போம் என்று நேரில் சொல்லிவிட்டு, தாளிலும் அதை எழுதிக் கொடுங்கள்.